டிராகுலாவுக்கு டைரி கிடையாது

1732 ஜனவரியில் ஆஸ்திரிய ராணுவ மருத்துவர் யோஹான் ஃப்ளூக்கிங்கர் செர்பியாவின் மெட்வெஜா கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஊரில் சாவு விழுந்துகொண்டே இருந்தது. காரணம் யார் என்பதில் ஊராருக்குச் சந்தேகமே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்த அர்னாவுட் பாவ்லே. தன்னை ஒரு ரத்தக் காட்டேரி பிடித்ததாகவும், அதன் குழி மண்ணைத் தின்று, அதன் ரத்தத்தை உடம்பில் பூசிக்கொண்டு தப்பித்ததாகவும் உயிரோடு இருந்தபோதே அவன் சொல்லியிருந்தானாம். செத்த பிறகு அவனே எழுந்து வந்து நாலு பேரைக் கொன்றான். ஊரார் தோண்டியெடுத்து நெஞ்சில் கழி இறக்கிக் கொளுத்தினார்கள். ஆனாலும் அவன் ரத்தம் குடித்த கால்நடைகளின் இறைச்சியைத் தின்றவர்கள் வழியாகப் பீடை தொடர்கிறது என்றார்கள். மருத்துவர் குழிகளைத் தோண்டச் செய்தார். யாருக்கு என்ன வயது, புதைத்து எத்தனை வாரம், எந்த உடல் அழுகியிருக்கிறது, எதில் ரத்தம் இன்னும் உறையவில்லை என்று வரிசையாக எழுதினார். ராணுவ அதிகாரிகளும் கையெழுத்திட்ட அந்த அறிக்கை ஐரோப்பிய நகரங்களில் அச்சாகிப் பரபரப்பாக விற்றது.

அந்த அறிக்கையில் வரும் காட்டேரியைப் பார்த்து எந்த வாசகியும் மயங்கமாட்டாள். குடியானவன். முகம் சிவந்து, வயிறு உப்பி, வாயோரம் ரத்தம் கசிய, பழைய தோல் உரிந்து கிடப்பவன். பிணத்துக்குள் வாயு சேர்ந்தால் உடல் உப்பும், வாய் வழியே செந்நீர் வழியும், குளிர்ந்த மண்ணில் அழுகல் தாமதமாகும் என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரியும். அன்றைக்கு அந்த ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: செத்தவன் வீட்டுக்காரர்களைத் தேடி வருகிறான். 1755-இல் மகாராணி மரியா தெரேசா, தன் மருத்துவர் ஹெரார்ட் வான் ஸ்வீட்டனின் ஆலோசனையைக் கேட்டு, பிணத்தைத் தோண்டிக் கழி இறக்கும் வழக்கத்துக்குத் தடை போட்டார். கிராமத்தின் நிவாரணம் சட்டவிரோதமானது. பயம் மட்டும் நகரத்துக்குக் குடிபெயர்ந்து இலக்கியமானது.

இந்த இருநூற்றுச் சொச்சம் வருஷக் கதையை, அன்று பயந்தார்கள், இன்று ஆசைப்படுகிறார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது பாதிதான் சரி. ஆசை ஆரம்பத்திலேயே இருந்தது. மாறியது வேறொன்று: கதையை யார் சொல்கிறார்கள் என்பது.

இலக்கியக் காட்டேரிக்குக் கோட்டு மாட்டிவிட்டவர் ஜான் போலிடோரி. கவிஞர் பைரனின் சொந்த மருத்துவர். 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கிளப்பிய சாம்பல், மறு வருஷத்து ஐரோப்பியக் கோடையையே விழுங்கிவிட்டது. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் அடைபட்ட பைரன், கவிஞர் ஷெல்லி, அவர் காதலி மேரி கூட்டம் பேய்க்கதை எழுதிப் போட்டி போட்டது. அந்த வீட்டிலிருந்துதான் மேரியின் ஃபிராங்கன்ஸ்டைனும் வந்தான். பைரன் பாதியில் கைவிட்ட ஒரு கதைத் துண்டை எடுத்துப் போலிடோரி வளர்த்த 'தி வேம்பயர்' 1819-இல், அவருக்கே தெரியாமல், பைரன் பெயரில் அச்சானது. அதன் நாயகன் லார்ட் ரூத்வென் பிரபு, வெளிறிய முகத்தான், லண்டன் விருந்துகளில் எல்லோர் கண்ணும் தன்மேல் விழ வைப்பவன். எழுதியவர் 25 வயதில் இறந்துபோனார். பெயரும் காசும் பெரிதாக ஏதும் மிஞ்சவில்லை. முதலாளியைப் பக்கத்திலிருந்து கவனித்த ஒரு சம்பளக்காரர் எழுதியது என்பதை மனதில் வைத்துப் படித்தால் அந்தக் கதையின் கசப்பு நன்றாகப் புரியும். வால்டேர் அதற்கு முன்பே, உண்மையான ரத்தக் காட்டேரிகள் பணம் புரட்டுகிறவர்களும் மடத்துத் துறவிகளும்தான் என்று கிண்டலடித்திருந்தார். பிறகு மார்க்ஸ் 'மூலதன'த்தில் அதே உருவகத்தை முதலின்மேல் ஏற்றினார். உழைக்காமல் ஊரார் ரத்தத்தில் வாழும் மேட்டுக்குடி என்பது இந்தக் கதைகளின் பழைய வசீகரங்களில் ஒன்று. வெறுப்பும் பொறாமையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

1845 முதல் இரண்டு வருஷம், வாரம் ஒரு பென்னிக்கு லண்டன் தெருக்களில் விற்ற 'வார்னி தி வேம்பயர்' இருநூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் ஓடியது. தொடர்கதை நம் ஊரில் எப்படியெல்லாம் நீளும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயமில்லை. கடைசியில் வார்னி தன்மேலேயே வெறுப்புற்று வெசூவியஸ் எரிமலையில் குதிக்கிறான். 1871-72-இல் அயர்லாந்துக்காரர் ஷெரிடன் லெ ஃபானு எழுதிய 'கார்மிலா' இதைவிடப் பல மடங்கு நுட்பமானது. ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதியில் ஒரு தனிமையான மாளிகை, அதில் ஒரு இளம்பெண், விருந்தாளியாக வந்து அவளைக் காதலிக்கும் இன்னொரு பெண். பெண்ணுக்குப் பெண்மேல் வரும் காதலை நேரடியாக எழுத முடியாத காலத்தில், காட்டேரி என்ற முகமூடி அதை எழுத இடம் கொடுத்தது.

அடுத்து வந்தது டிராகுலா. 1897 மே மாதம், மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்து, விலை ஆறு ஷில்லிங். எழுதிய பிராம் ஸ்டோக்கர் லண்டன் லைசியம் நாடக அரங்கின் நிர்வாகி. நடிகர் ஹென்றி இர்விங்கின் கணக்கு வழக்கு, கடிதம், விருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் எழுதியவர். டிரான்சில்வேனியாவை அவர் கண்ணால் கண்டதே இல்லை. 1890 கோடையில் குடும்பத்தோடு இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்துக்குப் போயிருந்தபோது, அங்கிருந்த நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் எழுதிய பழைய புத்தகம் ஒன்றில் டிராகுலா என்ற பெயர் கிடைத்தது. 1885-இல் விட்பி கடற்கரையில் தரைதட்டிய 'டிமிட்ரி' என்ற ரஷ்யக் கப்பல், நாவலில் 'டிமீட்டர்' ஆனது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் காசநோயில் இறந்த மெர்சி பிரவுன் என்ற பெண்ணை 1892-இல் தோண்டியெடுத்து, இதயத்தை எரித்து, சாம்பலை நோயாளி அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அந்த அண்ணனும் இரண்டு மாதத்தில் போய்விட்டான். ரோட் ஐலண்ட் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியின் காட்டேரிகளைப் பற்றிய செய்தித்தாள் நறுக்கு ஒன்றும் ஸ்டோக்கரின் குறிப்புகளுக்கிடையே இருக்கிறது. மெட்வெஜாவும் ரோட் ஐலண்டும் ஒரே பீதிதான். ஒரே வீட்டில் ஒருவர்பின் ஒருவராக இளைத்துச் சாகும்போது, கிருமி என்ற சொல் கைவசம் இல்லாத மனிதர்கள் வேறு யாரைக் குற்றம் சொல்வார்கள்?

முதல்முறை 'டிராகுலா' படிக்கும் இன்றைய வாசகரைத் திடுக்கிட வைப்பது ரத்தம் அல்ல, அலுவலக வேலை. நாவல் முழுக்க டைரிகள், கடிதங்கள், தந்திகள், கப்பல் பதிவேடு, பத்திரிகைச் செய்திகள். டாக்டர் சீவர்டு மெழுகு உருளையில் குரலைப் பதிவுசெய்யும் ஃபோனோகிராஃபில் டைரி 'எழுதுகிறார்'. நாயகி மீனா சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரிந்தவள். எல்லோருடைய குறிப்புகளையும் தேதிவாரியாகத் தட்டச்சு செய்து மூன்று நகல் எடுப்பவள் அவள்தான். உண்மையில் பேயைப் பிடிப்பது அவளுடைய கோப்புதான், சிலுவையும் பூண்டும் துணைக்கருவிகள். இத்தனை பேர் எழுதித்தள்ளும் புத்தகத்தில் டிராகுலாவுக்கு மட்டும் டைரி கிடையாது. முதல் நான்கு அத்தியாயங்களில், தன் கோட்டையில், நிறையப் பேசுகிறார். இங்கிலாந்து ரயில் கால அட்டவணைகூட அவர் நூலகத்தில் இருக்கிறது. லண்டன் வந்தபின் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வாக்கியங்கள், அவ்வளவே. ஒரு கட்டத்தில் அவர் சீவர்டின் அறைக்குள் புகுந்து தாள்களையும் மெழுகு உருளைகளையும் நெருப்பில் போடுகிறார். நல்ல வேளை, இன்னொரு நகல் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. தன்னைப் பற்றி மற்றவர்கள் எழுதுவதை அழிக்க முடிந்ததே தவிர, தன் தரப்பைச் சொல்ல அந்தக் கோமானுக்கு நாவலில் ஒரு பக்கம்கூட இல்லை. வாசகர் வேட்டைக்காரர்களின் பக்கம் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார். கிழக்கிலிருந்து வரும் அந்நியன், நம் நகரத்தில் வீடு வாங்குபவன், நம் பெண்களைத் தொடுபவன் என்ற விக்டோரியா காலத்துக் கவலை முழுவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுதப்பட்டது.

சினிமா இதில் சேர்த்ததையும் சொல்லிவிட்டு நகரலாம். வெயில் பட்டால் காட்டேரி சாவது ஸ்டோக்கர் எழுதியதல்ல. நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்காடிலியில் நின்று பெண்ணை வேடிக்கை பார்க்கிறார். சூரிய ஒளிச் சாவு 1922-இல் எஃப். டபிள்யூ. முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தின் உபயம். அனுமதியின்றி எடுத்த படம் என்று ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கத் தீர்ப்பு வாங்கினார். படம் எப்படியோ பிழைத்துக்கொண்டது. அங்கியும் மிடுக்கும் நாடக மேடையிலிருந்து பெலா லுகோசி வழியாக 1931 படத்துக்கு வந்தன. 1958-இல் கிறிஸ்டோபர் லீ ரத்தத்தை வண்ணத்தில் காட்டினார். உலகம் முழுக்க டிராகுலா என்றால் மனதில் வருவது இந்தக் கலவைதான். புத்தகத்தைத் திறந்தால் உள்ளங்கையில் முடி முளைத்த, வெள்ளை மீசைக் கிழவர் ஒருவர் கதவைத் திறப்பார்.

பெரிய திருப்பம் 1970-களில். 1975-இல் ஸ்டீஃபன் கிங் 'சேலம்ஸ் லாட்' எழுதினார். பள்ளி ஆசிரியராக 'டிராகுலா'வைப் பாடம் நடத்தியவர், அந்த ஆள் இன்றைய அமெரிக்காவுக்கு வந்தால் என்னாகும் என்று யோசித்ததில் பிறந்த நாவல். மெய்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்று வீடு வீடாக அணைந்துபோகிறது. வேட்டைக்காரர் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஆனால் அடுத்த ஆண்டே வந்த ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் தி வேம்பயர்' மேசையையே திருப்பிப் போட்டது. ஓர் அறை, ஓர் இளைஞன், மேசைமேல் டேப் ரெக்கார்டர், எதிரே லூயி என்ற காட்டேரி. சீவர்டிடம் இருந்த ஒலிப்பதிவுக் கருவி இப்போது காட்டேரியின் முன்னால் வைக்கப்பட்டுவிட்டது. அவன் பேசுகிறான். நியூ ஆர்லியன்ஸ் தோட்ட முதலாளியாக இருந்ததையும், லெஸ்டாட் என்ற இன்னொரு காட்டேரி தன்னை மாற்றியதையும், குற்ற உணர்வோடு நூற்றாண்டுகளைக் கடத்துவதையும் சொல்கிறான்.

ஆன் ரைஸின் மகள் மிஷேல் 1972-இல், ஆறு வயது நிறைவதற்குள், ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். அடுத்த ஆண்டு ஐந்தே வாரங்களில் எழுதப்பட்ட இந்த நாவலில் ஐந்து வயதுக் காட்டேரிச் சிறுமி கிளாடியா வருகிறாள். சாகாதவள், ஆனால் வளரவும் முடியாதவள். ரத்தம் கெட்டு இறந்த குழந்தையின் தாய், ரத்தத்தால் சாகாமல் நிற்கும் குழந்தையை எழுதினார். இதற்குப் பிறகு காட்டேரிக் கதை திகில் கதையாக மட்டும் இருக்க வழியில்லை. சாவை ஏமாற்றிவிட்டவர்களிடம் ஒரு கேள்வி கேட்கத் துடிக்கும் எல்லோருக்குமான கதை அது. வாசகர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1980-களில் எய்ட்ஸ் பரவி, ரத்தம், காதல், மரணம் மூன்றும் ஒரே பேச்சில் அடிபட்டபோது, ஊர் ஒதுக்கிவைத்த, ஒருவரையொருவர் நேசிக்கும் இந்த ஆண் காட்டேரிகளிடம் தன்பாலின வாசகர்கள் பலர் தங்களைக் கண்டுகொண்டார்கள்.

இங்கே நம் தரப்பில் ஒன்று சொல்ல இருக்கிறது. காட்டேரி பேசுவது மேற்கத்திய நாவலுக்கு 1976-இல் புரட்சி. அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு அது பழைய செய்தி. முருங்கை மரத்திலிருந்து இறக்கித் தோளில் போட்ட பிணத்துக்குள்ளிருந்து வேதாளம் கதை சொல்லும். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவன் விக்கிரமாதித்தன். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாக ராஜா நடக்கும் படம், எத்தனையோ வீடுகளில் குழந்தைகளைப் போர்வைக்குள் ஒளிய வைத்தது. இந்த வேதாளக் கதைகளை ரிச்சர்ட் பர்ட்டன் 1870-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது நூலுக்கு 'விக்ரம் அண்ட் தி வேம்பயர்' என்று பெயர் வைத்தார். ஸ்டோக்கருக்கு பர்ட்டன் நேரில் பழக்கம். பர்ட்டன் பேசும்போது மேலுதடு உயர்ந்து கோரைப்பல் மின்னுவதை ஸ்டோக்கர் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். டிராகுலாவின் பற்களுக்கு அதில் பங்குண்டா என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன். கேள்வி கேட்டு மடக்கி, பதில் சொன்னால் மரமேறும் வேதாளத்தின் சாமர்த்தியத்தை மட்டும் ஸ்டோக்கர் எடுத்துக்கொள்ளவில்லை.

பேசத் தொடங்கியவன் வெகு சீக்கிரத்தில் பக்கத்து வீட்டுக்காரனும் ஆனான். சார்லேன் ஹாரிஸ் 2001-இல் தொடங்கிய வரிசையில், ஜப்பானியர் செயற்கை ரத்தம் கண்டுபிடித்துவிட, காட்டேரிகள் பகிரங்கமாக வெளியே வந்து லூசியானாவில் மதுக்கடைக்குப் போய் உட்காருகிறார்கள். 2005-இல் ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்'. ஒரு கனவில் தொடங்கிய நாவல். அந்த வரிசை 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. கதை நடக்கும் ஃபோர்க்ஸ், வாஷிங்டன் மாநிலத்தில் ஓயாமல் மழை பெய்யும் ஊர். வெயில் குறைவு என்பதற்காகவே தேர்ந்தெடுத்தது. மரம் வெட்டும் தொழிலை நம்பியிருந்த அந்தச் சிற்றூருக்கு இன்று நாவலின் நாயகி பெல்லாவின் சிவப்பு லாரியோடு படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள், அவள் பிறந்தநாளையொட்டி செப்டம்பரில் விழாவும் நடக்கிறது. இதில் பேசுவது காட்டேரியின் காதலியான பெல்லா. அந்தக் காட்டேரி எட்வர்டு, 1918 ஃபுளூ காய்ச்சலில் சாகக் கிடந்தபோது மாற்றப்பட்டவன். மனித ரத்தம் தொடமாட்டான். வெயிலில் சாவதற்குப் பதில் வைரமாக மினுங்குவான். மினுமினுப்பைப் பார்த்துச் சிரித்தவர்களோடு நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் பதினேழு வயதுப் பெண்ணின் ஆசையை, அதற்கு மன்னிப்புக் கேட்காமல், நானூறு ஐந்நூறு பக்கம் எழுதியதில் பாதிச் சிரிப்பு அடங்கிவிடுகிறது. மீதிச் சிரிப்பு அப்படியே இருக்கிறது. பயமே இல்லாத காட்டேரி, உப்பில்லாத பண்டம்.

அந்தப் பயத்தை அதே காலத்தில் ஒரு ஸ்வீடன்காரர் காப்பாற்றினார். யோன் அய்விடே லிண்ட்க்விஸ்ட் 2004-இல் எழுதிய 'லெட் தி ரைட் ஒன் இன்', ஸ்டாக்ஹோமின் புறநகரான பிளாக்கெபெரியில், 1981 இலையுதிர்காலத்தில் நடக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு, குடித்தே வீணாகும் பெரியவர்கள், பள்ளியில் அடிவாங்கும் 12 வயது ஆஸ்கர், பக்கத்து வீட்டுக்கு வரும் எலி என்ற காட்டேரி. அழைக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்ற பழைய விதி ஸ்டோக்கரிடம் துப்பறியும் தகவல். இங்கே அது நட்பின் பரீட்சை. ஆஸ்கர் வேண்டுமென்றே அழைக்காமல் இருக்க, உள்ளே காலெடுத்து வைக்கும் எலியின் உடம்பெல்லாம் ரத்தம் கசியத் தொடங்குகிறது. இந்த ஒரு காட்சிக்காக நாவலின் மற்ற கொடூரங்களையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

ஸ்டோக்கர் குறிப்பெடுத்த விட்பியில் 2022 மே 26 அன்று, நாவலின் 125-ஆம் ஆண்டையொட்டி, 1,369 பேர் காட்டேரி வேடமிட்டு மடாலய இடிபாடுகளில் கூடி கின்னஸ் சாதனை படைத்தார்கள். மீனா வேடமோ வேட்டைக்காரர் வான் ஹெல்சிங் வேடமோ கணக்கில் வராது. கறுப்பு அங்கி, கோரைப்பல் கட்டாயம். மெட்வெஜாக்காரர்கள் பார்த்திருந்தால் ஆப்புக்கழி போதாமல் திண்டாடியிருப்பார்கள்.

கடந்த சில ஆண்டுகளில் வந்த நாவல்கள் இன்னொரு பக்கம் திரும்பியிருக்கின்றன. கிரேடி ஹென்ட்ரிக்ஸின் 2020 நாவலில் தென் கரோலினாப் புறநகர்ப் பெண்கள் சிலர் புத்தக வாசிப்புக் குழு நடத்துகிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்த இனிய மனிதன் முதலில் குறிவைப்பது கறுப்பினக் குழந்தைகளை. காணாமல் போகும் அந்தப் பிள்ளைகளைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, கணவன்மார்களோ அவனோடு கூட்டு வியாபாரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வி. இ. ஷ்வாபின் 2025 நாவல், லெ ஃபானு முகமூடி போட்டுச் சொன்ன பெண் காதலை முகமூடியில்லாமல், மூன்று பெண்கள் வழியே நூற்றாண்டுகளுக்கு இழுத்துச் செல்கிறது.

அதே 2025-இல் வந்த ஸ்டீஃபன் கிரஹாம் ஜோன்ஸின் 'தி பஃபலோ ஹண்டர் ஹண்டர்' இவற்றில் கனமானது. ஜோன்ஸ் பிளாக்ஃபீட் பழங்குடியைச் சேர்ந்தவர். 1912-இல் மோன்டானாவில் ஒரு லூத்தரன் பாதிரியாரிடம் குட் ஸ்டாப் என்ற பிளாக்ஃபீட் மனிதன் வந்து உட்கார்ந்து பாவமன்னிப்புக் கேட்பதுபோல் தன் கதையைச் சொல்கிறான். பாதிரியார் டைரியில் எழுதுகிறார். அந்த டைரி நூறு வருஷம் சுவருக்குள் கிடந்து அகப்படுகிறது. கதையின் அடியில் கிடப்பது நிஜமான படுகொலை: 1870 ஜனவரி 23, மரியாஸ் நதிக்கரை, அமெரிக்க ராணுவம் சுட்டுக் கொன்ற சுமார் 200 பேர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். குட் ஸ்டாப் எருமைத் தோலுக்காக மந்தைகளை அழிக்கும் வெள்ளை வேட்டைக்காரர்களை வேட்டையாடுகிறான். ஜோன்ஸ் இதில் வைத்த விதி என்னைப் பல நாள் விடவில்லை. யார் ரத்தத்தைக் குடிக்கிறானோ மெல்ல அவர்களைப்போலவே ஆகிவிடுவான். வெள்ளையரையே குடித்துக்கொண்டிருந்தால் வெள்ளையனாகிவிடுவான். பிளாக்ஃபீட்டாக நீடிக்கத் தன் மக்களையே குடிக்க வேண்டும். ஸ்டோக்கரின் டைரி உத்தி, ரைஸின் வாக்குமூல உத்தி, இரண்டும் இங்கே ஒரே மேசையில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் விசாரணைக் கூண்டில் நிற்பது குறிப்பெடுப்பவரின் தரப்பு. அந்நியன் வந்து நம் நிலத்தைப் பிடிக்கிறான் என்று 1897-இல் லண்டன் பயந்ததை, உண்மையாகவே நிலம் பறிபோனவர்களின் வாயால் கேட்கிறோம்.

பழைய நாவலும் சும்மா இல்லை. 'டிராகுலா'வின் பதிவுகளுக்கெல்லாம் தேதி உண்டு, மே 3-இல் தொடங்கி நவம்பர் தொடக்கம்வரை. 2021-இல் அமெரிக்கர் ஒருவர் அவற்றை அந்தந்தத் தேதியில் மின்னஞ்சலாக அனுப்பத் தொடங்கினார். மறு ஆண்டு வாசகர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. முடிவு எல்லோருக்கும் தெரியும். இருந்தும் கோட்டையில் மாட்டிக்கொண்ட ஜோனதன் ஹார்க்கரிடமிருந்து சில நாள் கடிதம் வராவிட்டால் சொந்த அண்ணன் ஊருக்குப் போய்த் தகவல் இல்லாததுபோல் தவித்தார்கள், டிராகுலாவுக்கு இரையாகும் லூசிக்குக் காவல் இருக்கச் சொல்லிப் புலம்பினார்கள். ஆன் ரைஸுக்குப் பின் ஐம்பது வருஷம் காட்டேரியின் பேச்சையே கேட்டுப் பழகிய தலைமுறை, டைரி எழுதும் சாதாரண ஆட்களிடம் மனசைப் பறிகொடுத்திருக்கிறது. ஒவ்வொரு மே 3-ஆம் தேதியும் அவர்களுக்கு வரும் முதல் மடலில் பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. ஹார்க்கர் வழியில் சாப்பிட்ட காரமான மிளகாய்க் கோழியைப் பற்றி எழுதி, மீனாவுக்காகச் செய்முறை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று குறித்துவைக்கிறார்.